பெரியப்பா வீட்டு ஒலிபெருக்கியில் என் குரல் கேட்கிறது. நான் வானொலியை நிறுத்திவிட வேண்டுமா?

பல்லடத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து 41 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் தவிர்க்கிறேன். சப்மெர்சிபிள் மோட்டார்களுக்குக் காயில் கட்டிக் கொடுக்கும் கடை அவருடையது. முறைப்படி தேர்வு எழுதி அமெச்சூர் வானொலி (பொழுதுபோக்காகத் தொலைதூர நிலையங்களோடு பேசும் வானொலி) உரிமம் பெற்று, 100 வாட் கருவி ஒன்றை வாங்கியிருக்கிறார். வீட்டு மொட்டை மாடியில் 9 மீட்டர் ஜி.ஐ. குழாயை நிறுத்தி, 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்காகத் தலைகீழ் ‘வி’ வடிவில் இரண்டு கம்பிக் கைகள் கொண்ட டைபோல் ஆன்டெனா கட்டியிருக்கிறார். அதன் உச்சியிலிருந்து 14 மீட்டர் நீள ஆர்.ஜி.58 கோஆக்ஸ் கேபிள் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிக் காப்பு, அதன் மேல் கம்பிப் பின்னல் உறை) குழாயை ஒட்டியே இறங்கி, கைப்பிடிச் சுவரின் மேல் ஆன்டெனாவின் ஒரு கைக்கு நேர் கீழே ஓடி, மாடி அறைக்குள் நுழைகிறது. கருவியிலிருந்து 7 மீட்டர் எர்த் கம்பி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் புதிதாக வெட்டிய குழிக்குப் போகிறது.

அவருடைய துன்பம் இது. அவர் பேசும்போதெல்லாம் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பெரியப்பா வீட்டின் ஒலிபெருக்கியில் தெளிவில்லாத குரல் கரகரக்கிறது. அவர்கள் வீட்டு எல்.இ.டி. விளக்கு மினுங்குகிறது. இவருடைய உதடு மைக்கில் பட்டால் சுரீரென்று சுடுகிறது. மடிக்கணினியின் யு.எஸ்.பி. இணைப்பு அறுந்துபோகிறது. கேட்கும் நேரத்திலோ, பக்கத்துத் தறிக்கூடத்திலிருந்து வரும் இரைச்சல் தொலைதூர நிலையங்களை மூடிவிடுகிறது. “ஏஞ்சாமி, சேதி கேக்கற நேரத்துல உன்ற பேச்சுத்தான் கேக்குது” என்று பெரியப்பா அன்போடுதான் சொன்னாராம். ஆனால் அவருடைய மகன், அரசுக்குப் புகார் எழுதுவேன் என்று சொல்லிவிட்டார். குழியில் உப்பும் கரியும் கொட்டியது, கேபிளை அரை மீட்டர் வெட்டிப் பார்த்தது, நண்பர் சொல்லி மின்வழங்கியின் மூன்றாவது பின்னைக் கழற்றியது, 4 அங்குல பி.வி.சி. குழாயில் கேபிளை 5 சுற்று சுற்றியது, பழைய கணினி மின்வழங்கியிலிருந்து எடுத்த மஞ்சள் வளையத்தை மாட்டியது என எதுவும் பலிக்கவில்லை. எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.2 தான் காட்டுகிறது; ஆகவே ஆன்டெனாவில் பிழை இல்லை, எர்த்தில்தான் குறை, குழியை இன்னும் ஆழப்படுத்தலாமா என்று கேட்கிறார். அது முடியாதென்றால் கருவியை விற்றுவிடவும் முடிவு செய்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். கருவியை விற்க வேண்டாம். குழியை ஆழப்படுத்தவும் வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் இந்தப் பதிலை முழுதும் படிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்: கழற்றிய மூன்றாவது பின்னை மீண்டும் பொருத்துங்கள். அந்தப் பின் உங்கள் உயிருக்கான பாதுகாப்பு. மின்வழங்கிக்குள் 230 வோல்ட் உலோக உறையைத் தொட்டுவிட்டால் பியூஸைப் போக்குவதற்கு வேறு வழி கிடையாது. வானொலிச் சிக்கலைத் தீர்ப்பதற்காக அதைக் கழற்றச் சொன்ன நண்பர் நல்ல எண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். சொன்னது மிகத் தவறு.

இந்தத் துறையில் பல ஆண்டுகளாகக் குறுக்கீட்டுப் புகார்களைப் பார்த்து வருகிறேன். நீங்கள் எழுதிய அத்தனை குறிகளும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: உங்கள் கேபிளின் பின்னல் உறைக்கு வெளிப்புறத்தில், ஓடக் கூடாத ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. பொறியாளர்கள் அதைக் காமன் மோடு மின்னோட்டம் என்பார்கள். அதை உங்கள் தொழிலிலிருந்தே விளக்க முடியும் என்பதால் உங்களுக்கு எழுதுவது எனக்கு எளிதாக இருக்கிறது.

டாங் டெஸ்டர் சொல்லும் உண்மை

ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஒன்றின் ஃபேஸ் கம்பியை மட்டும், கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டருக்குள் விட்டால் 8 ஆம்பியர் காட்டுகிறது. ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து உள்ளே விட்டால் சுழி (பூஜ்யம்) காட்டுகிறது. போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமாகவும் எதிர்த் திசையிலும் இருப்பதால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இரண்டையும் சேர்த்து விட்டும் அரை ஆம்பியர் காட்டினால், அந்த அரை ஆம்பியர் நியூட்ரல் வழியே திரும்பாமல் வேறு எங்கோ, பெரும்பாலும் மண் வழியே, போகிறது என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. இதே கணக்கில்தான் வேலை செய்கிறது.

கோஆக்ஸ் கேபிளும் அப்படித்தான் நடக்க வேண்டும். நடுக்கம்பியில் போகும் மின்னோட்டமும் பின்னல் உறையில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருந்தால், முழுக் கேபிளைச் சுற்றியும் வெளியே எந்தப் புலமும் இருக்காது. கேபிள் கதிர்வீசவும் செய்யாது, இரைச்சலை வாங்கவும் செய்யாது. சமம் குலையும்போதுதான், மிஞ்சிய மின்னோட்டம் கேபிளை ஒரு நீண்ட ஆன்டெனாவாக மாற்றிவிடுகிறது.

பின்னல் உறை எர்த் ஆகியிருக்கிறதே, அதில் எப்படி மின்னோட்டம் ஓடும் என்று கேட்டிருக்கிறீர்கள். 50 ஹெர்ட்ஸில் செப்புக் கம்பிக்குள் மின்னோட்டம் 9 மி.மீ. ஆழத்துக்கு மேல் ஊடுருவும். ஆகவே உங்கள் கடையில் பயன்படும் கம்பிகளில் உள், வெளி என்ற பேச்சுக்கே இடமில்லை. 7 மெகாஹெர்ட்ஸிலோ அந்த ஆழம் ஏறத்தாழ 0.025 மி.மீ. தான். பின்னலின் உட்புறத்தில் ஓடும் மின்னோட்டத்துக்கு வெளிப்புறம் இருப்பதே தெரியாது. எனவே வானொலி அதிர்வெண்ணில் கோஆக்ஸ் கேபிளை இரண்டு கடத்திகள் உடையதாகக் கருதக் கூடாது. நடுக்கம்பி, பின்னலின் உட்புறம், பின்னலின் வெளிப்புறம் என்று அதற்கு மூன்று கடத்திகள். மேலே, ஆன்டெனாவோடு இணையும் முனையில், உட்புறத்தில் வந்த மின்னோட்டத்துக்கு இரண்டு வழிகள் திறக்கின்றன: ஒன்று ஆன்டெனாவின் அந்தப் பக்கத்துக் கை, மற்றொன்று பின்னலின் வெளிப்புறம். எந்த வழியில் எவ்வளவு போகும் என்பதை அந்தந்த வழியின் மறிப்புதான் (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்தத் தடை) தீர்மானிக்கிறது.

உங்கள் வீட்டில் நேர்ந்ததைக் கணக்கிட்டுப் பார்த்தேன். வெளிப்புற வழியின் நீளம் கேபிள் 14 மீட்டர், எர்த் கம்பி 7 மீட்டர், ஆக 21 மீட்டர். 7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 42 மீட்டருக்குச் சற்று மேல். அதில் பாதி 21 மீட்டர். ஒரு முனை மண்ணில் இணைந்த அரை அலைநீளக் கம்பி, மறு முனையிலும் மிகக் குறைந்த மறிப்பையே காட்டும். அதாவது, ஆன்டெனாவின் கைக்குப் போட்டியாக, அதைப் போலவே எளிதான ஒரு வழியை நீங்கள் அறியாமலே அமைத்துக் கொடுத்துவிட்டீர்கள். கருவியின் மின்வழங்கி வழியாக வீட்டு வயரிங்கும் இதில் கலந்திருப்பதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்காதுதான். ஆனாலும் இந்த நீளப் பொருத்தம் சிக்கலைப் பெரிதாக்கியிருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. கேபிளை இன்னும் சில மீட்டர் நீட்டினால் இந்த அலைவரிசையில் குறையக்கூடும். அப்போது 14 மெகாஹெர்ட்ஸிலோ 21 மெகாஹெர்ட்ஸிலோ தொல்லை தலைகாட்டும். நீளத்தை மாற்றி விளையாடுவது தீர்வாகாது.

இதோடு இரண்டாவது காரணமும் இருக்கிறது. கேபிள் ஆன்டெனாவின் ஒரு கைக்கு அடியிலேயே இணையாக ஓடுவதால், அந்தக் கையின் புலம் நேரடியாகவே பின்னலின் வெளிப்புறத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. உச்சியில் எவ்வளவு நல்ல தடுப்பு வைத்தாலும் இந்தத் தூண்டல் அதற்குக் கீழே நடக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

எர்த் குழி ஏன் உதவவில்லை

நம் பக்கத்தில் மோட்டாருக்கு நல்ல எர்த் என்றால் ஆழக் குழி, கரி, உப்பு, தண்ணீர் என்று பழகியிருக்கிறோம். 50 ஹெர்ட்ஸுக்கு அது சரி. ஆனால் உங்கள் 7 மீட்டர் எர்த் கம்பியின் தூண்டல் (இண்டக்டன்ஸ்) ஏறத்தாழ 11 மைக்ரோஹென்றி வரும். 7 மெகாஹெர்ட்ஸில் அதன் மறிப்பு ஏறத்தாழ 500 ஓம். குழியின் மண்தடை 1 ஓம்மாகவே இருந்தாலும், அதைச் சென்றடையும் கம்பியே 500 ஓம் என்றால் குழியை ஆழப்படுத்தி என்ன பயன்? அந்தக் கம்பி வானொலி மின்னோட்டத்தை மண்ணுக்குள் வடிப்பதற்குப் பதிலாக, மேலே சொன்னபடி, ஆன்டெனாவின் ஒரு பகுதியாகவே மாறியிருக்கிறது. மைக்கில் உதடு சுடுவதற்கும் இதுவே காரணம்: கருவியின் உலோக உறை எர்த் ஆகியிருந்தும், வானொலி அதிர்வெண்ணில் அது மண்ணின் மின்னழுத்தத்தில் இல்லை.

அப்படியானால் எர்த்தைக் கழற்றிவிடலாமா என்று நினைத்துவிடாதீர்கள். மின்கசிவுக்கும் இடிமின்னலுக்கும் எர்த் கட்டாயம் வேண்டும். இங்கே உங்கள் கடிதத்தில் ஒரு பெரிய ஆபத்தைக் காண்கிறேன். புதுக் குழியும் வீட்டின் பழைய எர்த்தும் தனித்தனியாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அருகில் இடி விழுந்தால் இரண்டு குழிகளுக்கும் இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு எழும். அந்த வேறுபாடு சமமாகும் வழி உங்கள் கருவியும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீங்களும்தான். இரண்டையும் தடித்த செப்புப் பட்டையாலோ கம்பியாலோ மண்ணுக்கடியில் இணையுங்கள், ஜி.ஐ. குழாயின் அடியையும் அதோடு சேருங்கள். சித்திரை, வைகாசிக் கோடை மழைக்கு முன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். நான் கீழே சொல்லப்போகும் சோக் மின்னலைத் தடுக்காது என்பதால், வானம் இருட்டத் தொடங்கும்போதே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடும் பழக்கத்தையும் கைவிடாதீர்கள். மழை வந்த பின் அதைத் தொடவே கூடாது.

எஸ்.டபிள்யூ.ஆர். பற்றிய தவறான நம்பிக்கை

எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 காட்டினால் ஆன்டெனா சரியாக இருக்கிறது என்பது பரவலாக இருக்கும் எண்ணம். அந்த அளவி கேபிளுக்கு உள்ளே போகும் அலையையும் திரும்பும் அலையையும் மட்டுமே ஒப்பிடுகிறது. வெளிப்புறத்தில் ஓடுவது அதன் கண்ணுக்கே தெரியாது. கேபிளின் வெளிப்புறமும் சேர்ந்து ஓர் ஆன்டெனாவாகி, அந்த மூன்று கை ஆன்டெனா தற்செயலாக 50 ஓம்முக்கு அருகில் அமைந்துவிட்டால், அளவி மிக அழகான எண்ணைக் காட்டும். கேபிளை அரை மீட்டர் வெட்டியதும் எஸ்.டபிள்யூ.ஆர். மாறியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதையே நோய்க்கான சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். சிறு இழப்பு வேறுபாட்டைத் தவிர, சரியாக அமைந்த கேபிளில் நீளம் மாறினால் அந்த எண் மாறக் கூடாது. கேபிளைக் கையால் பிடித்தால் முள் அசைகிறதா என்றும் குறைந்த திறனில் ஒருமுறை பாருங்கள்.

முதலில் சோதனை

எதையும் வாங்குவதற்கு முன், ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அலையை வீசாமல் திறனை வெப்பமாக்கிவிடும் 50 ஓம் போலிச்சுமையைக் கருவியில் நேரடியாக மாட்டி, அதே திறனில் பேசிப் பாருங்கள். பெரியப்பா வீட்டுத் தொல்லை முழுதும் மறைந்தால் குற்றம் கேபிளிலும் ஆன்டெனாவிலும் இருக்கிறது. மறையாவிட்டால் மின்வழங்கி வழியாக வீட்டு வயரிங்குக்குள் ஏதோ போகிறது. உங்கள் வீட்டில் முதலாவதுதான் நேரும் என்று எதிர்பார்க்கிறேன்.

அடுத்து, வானொலி அதிர்வெண்ணுக்கான டாங் டெஸ்டர் ஒன்றை நீங்களே செய்துகொள்ளுங்கள். கேபிளின் மேல் கவ்வும் திறந்து மூடும் ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள, பீங்கான் போன்ற பொருள்) ஒன்றில் மெல்லிய எனாமல் கம்பியை 10 சுற்று சுற்றி, அதன் இரு முனைகளுக்கிடையே 50 ஓம் ரெசிஸ்டர், பிறகு ஒரு ஜெர்மானியம் டையோடு, 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு மைக்ரோ ஆம்பியர் மீட்டர், இவ்வளவுதான். முழுக் கேபிளையும் அதற்குள் விட்டு, 10 வாட்டில் பேசும்போது முள் எழுந்தால் அது காமன் மோடு மின்னோட்டமே. நிலையலை இருப்பதால் ஓரிடத்தில் குறைந்தும் ஓரிடத்தில் கூடியும் காட்டும். எனவே அரை மீட்டருக்கு ஒருமுறை நகர்த்தி அளந்து, எண்களை நோட்டில் எழுதிவையுங்கள். பின்னால் ஒப்பிட வேறு சான்று கிடைக்காது.

சோக் கட்டும் முறை

வெளிப்புற மின்னோட்டத்தை வடிக்கப் பார்ப்பதை விட்டு, அது புறப்படும் இடத்திலேயே அதன் வழியை அடைக்க வேண்டும். உட்புற மின்னோட்டங்களைத் தொடாமல் வெளிப்புற மின்னோட்டத்தை மட்டும் மறிக்கும் சுருளே காமன் மோடு சோக். 1:1 கரண்ட் பேலன் என்று விற்கப்படுவதும் அதுவே. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் குஸ்தாவ் குவனெல்லா 1944இல் வெளியிட்ட கருத்தின் வழி வந்தது. போவதும் வருவதும் சேர்ந்தே வளையத்துக்குள் நுழைவதால் உங்கள் 100 வாட் அந்த ஃபெரைட்டுக்குத் தெரியவே தெரியாது, டாங் டெஸ்டர் சுழி காட்டுவதைப் போல. சமநிலை தவறி மிஞ்சிய மின்னோட்டத்துக்கு மட்டுமே அது தடையாக நிற்கிறது.

நீங்கள் பி.வி.சி. குழாயில் சுற்றிய 5 சுற்று ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அதன் தூண்டல் ஏறத்தாழ 4 மைக்ரோஹென்றி; 7 மெகாஹெர்ட்ஸில் 200 ஓம்முக்கும் குறைவு. அதைவிட முக்கியம், அது வெறும் தூண்டல் மறிப்பு. கேபிளின் வெளிப்புறம் அந்த இடத்தில் கெப்பாசிட்டர் போல நடந்துகொண்டால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, மின்னோட்டம் முன்பைவிடக் கூடவும் செய்யும். சுற்றிய பிறகு மைக் இன்னும் கடுமையாகச் சுட்டது என்று எழுதியிருந்தீர்களே, அது இதனால்தான் என்று நினைக்கிறேன். கழிபடாத மறிப்பு தடைத்தன்மை மட்டுமே. எனவே நமக்கு வேண்டியது இந்த அதிர்வெண்ணில் இழப்புள்ள ஃபெரைட். இழப்பு என்ற சொல்லைக் கேட்டதும் காயில் கட்டுபவர் மனம் தயங்கும். இங்கே அதுவே நாம் தேடும் குணம்.

மோட்டார் ஸ்டாம்பிங்கை இதற்குப் பயன்படுத்தலாமா என்ற உங்கள் கேள்விக்கு, முடியாது என்பதே பதில். அந்தத் தகடு 50 ஹெர்ட்ஸுக்கானது. மஞ்சள் வளையம், அதுவும் ஒரு முகம் வெள்ளையாக இருந்தால், நேர்மின்னோட்டச் சுருளுக்கான இரும்புத்தூள் வளையம். அதன் காந்த ஊடுருவுதிறன் 75 அளவில்தான் இருக்கும். வாங்க வேண்டியது 31ஆம் கலவை ஃபெரைட்டில் 2.4 அங்குல வெளிவிட்டமுள்ள வளையம்; எஃப்.டி.240-31 என்று கேட்டால் தெரியும். 43ஆம் கலவை இன்னும் உயர்ந்த அதிர்வெண்களுக்கு நன்றாக இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு நான் 31ஐயே தேர்வேன்.

சுற்றுவதற்கு ஆர்.ஜி.58 கேபிளை நான் பரிந்துரைக்கவில்லை. வளையத்தின் விளிம்பில் அவ்வளவு இறுக்கமாக வளைத்தால், நம் வெயிலில் உள்ளிருக்கும் பாலித்தீன் இளகி, நடுக்கம்பி மெல்ல நகர்ந்து ஒருநாள் பின்னலைத் தொட்டுவிடும். டெஃப்லான் காப்புள்ள மெல்லிய கோஆக்ஸ் நல்லது. ஆனால் உங்கள் கடையிலேயே அதைவிட எளிய பொருள் இருக்கிறது: 18 நம்பர் எனாமல் கம்பி இரண்டை ஒட்டினாற்போல் சேர்த்து, இரட்டையாகவே சுற்றுங்கள். 50 ஓம்மில் 100 வாட் என்பது 71 வோல்ட், 1.4 ஆம்பியர், அந்தக் கம்பிக்கு இது பெரிதல்ல. கம்பியின் மொத்த நீளம் 1 மீட்டரைத் தாண்டாததால் அந்த இணையின் தன்மறிப்பு சற்று முன்பின்னாக இருந்தாலும் இந்த அலைவரிசையில் கெடுதல் இல்லை. 31ஆம் கலவை சற்று மின்கடத்தும் தன்மையுடையது, விளிம்பும் கூரியது. எனவே மோட்டார் ஸ்லாட்டுக்கு லெதராய்டு காப்புத்தாள் வைப்பது போல, வளையத்தின் மேல் முதலில் காப்பு நாடாவைச் சுற்றிக்கொண்டு, கம்பி ஒன்றின் மேல் ஸ்லீவும் போட்டுவிடுங்கள்.

சுற்றுகளின் எண்ணிக்கையில்தான் உங்கள் தொழில் அனுபவம் உங்களைத் தவறாக வழிநடத்தக்கூடும். துளை வழியே ஒருமுறை கடந்தால் ஒரு சுற்று. சுற்று இரண்டு மடங்கானால் மறிப்பு நான்கு மடங்காகும் என்பது உண்மைதான், ஆனால் ஓர் எல்லை வரைக்கும்தான். சுற்றுகளுக்கிடையே உள்ள கெப்பாசிட்டன்ஸ் சுருளின் ஒத்ததிர்வைக் கீழே இழுத்துக்கொண்டே வரும்; அந்த அதிர்வெண்ணுக்கு மேலே மறிப்பு சரியத் தொடங்கும். எனவே 40 சுற்று போட்டால் 12 சுற்றைவிட மோசமாகலாம். 12 முதல் 14 சுற்று வரை, வளையத்தின் சுற்றளவில் பரவலாகப் பிரித்து, தொடக்க முனையும் முடிவு முனையும் அருகருகே வராமல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். நண்பர் யாரிடமாவது நானோ வி.என்.ஏ. (ஆன்டெனா, சுருள் போன்றவற்றை அதிர்வெண்வாரியாக அளக்கும் சிறு கருவி) இருந்தால், சோக்கின் இரு கம்பிகளையும் இரு முனைகளிலும் ஒன்றாக முறுக்கி, அதைத் தொடராக இரண்டு போர்ட்டுகளுக்கிடையே மிகக் குறுகிய இணைப்போடு மாட்டி அளந்து பாருங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸில் 34 டெசிபெல் குறைந்து காட்டினால் மறிப்பு ஏறத்தாழ 5000 ஓம். அது நல்ல இலக்கு. எட்டவில்லையென்றால் ஒரு சுற்றைக் கூட்டியோ குறைத்தோ மீண்டும் அளக்கலாம்.

இவ்வளவு பெரிய எண் எதற்கு, 500 ஓம் போதாதா என்று கேட்பீர்கள். சமச்சீரான ஆன்டெனாவில் சோக்கின் மேல் விழும் அழுத்தம் ஏறத்தாழ 35 வோல்ட். 500 ஓம் தடை என்றால் 70 மில்லி ஆம்பியர் ஓடி, 2.5 வாட் ஃபெரைட்டுக்குள் வெப்பமாகும். 5000 ஓம் என்றால் 7 மில்லி ஆம்பியர்; வெப்பம் கால் வாட். வலுவான சோக் குளிர்ந்திருக்கும், அரைகுறைச் சோக்தான் கொதிக்கும். இரண்டு நிமிடம் பேசிவிட்டு, கருவியை அணைத்தபின் வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறிப்பு போதவில்லை அல்லது ஆன்டெனா மிகவும் சமநிலை தவறியிருக்கிறது என்று பொருள். அது போலவே, கேபிள் மேல் மாட்டும் சிறு கிளிப் ஃபெரைட் ஒன்று ஒற்றைக் கடப்பில் 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சில பத்து ஓம்தான் தரும். ஆன்டெனாவின் உச்சியில் அதை நம்ப வேண்டாம்.

கட்டிய சோக்கைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஆன்டெனாவின் நடுவிலேயே பொருத்துங்கள். இரு பக்கக் கனெக்டர்களும் ஒரே உலோகப் பெட்டியில் இறுகினால் சோக்கையே குறுக்கிணைப்பு செய்துவிடும். கேபிளின் எடை கனெக்டரில் தொங்காமல் குழாயில் கட்டிவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடி மாதங்களில் உங்கள் பக்கம் எப்படி வீசும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியின் அடியில் ஒரு சிறு துளையும், கனெக்டர் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவும் அவசியம். ஒருமுறை மழைநீர் பின்னலுக்குள் ஏறிவிட்டால் கேபிளையே மாற்ற நேரும்.

பிறகு கேபிளின் பாதையை மாற்றுங்கள். குழாயின் அடி வரை நேராக இறங்கட்டும். அங்கிருந்து இரண்டு கைகளுக்கும் குறுக்காக, செங்கோணத்தில், அறைக்கு வரட்டும். அறைக்குள் நுழையும் இடத்தில் இரண்டாவது சோக் ஒன்று வையுங்கள். எஞ்சிய தூண்டலை அது அடைக்கும். உங்கள் வீட்டு வயரிங்கிலிருந்து மேலே ஏறும் இரைச்சலையும் அதுவே மறிக்கும்.

இரைச்சலைப் பற்றி நீங்கள் தனிக் கேள்வியாகக் கேட்டிருந்தீர்கள். அதுவும் இதே நோயின் மறுபக்கம். பேசும்போது வெளியே கசியும் வழியே, கேட்கும்போது உள்ளே வரும் வழி. தறிக்கூடத்தின் மலிவான எல்.இ.டி. விளக்குகள், மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள், உங்கள் வீட்டு மொபைல் சார்ஜர் ஆகியவை மின்கம்பியில் உமிழும் இரைச்சல், எர்த் வழியாகப் பின்னலின் வெளிப்புறத்தில் ஏறி, உச்சியில் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில் உள்ளே நுழைகிறது. சோக் போட்ட பின் எவ்வளவு குறையும் என்பது, அந்த இரைச்சல் கேபிள் வழியாக வருகிறதா, காற்று வழியாக ஆன்டெனாவுக்கே வருகிறதா என்பதைப் பொறுத்தது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் கருவியைப் பேட்டரியில் ஓட்டிக் கேளுங்கள். சுற்றுவட்டாரம் முழுதும் மின்சாரம் இல்லாத அந்த நேரத்து அமைதிதான் உங்கள் இடத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த கேட்புநிலை, அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பெரியப்பா வீடும் உங்கள் உரிமமும்

சோக் சரியாக வேலை செய்த பின்னும் ஆன்டெனாவிலிருந்து முறையாகப் புறப்படும் அலை பெரியப்பா வீட்டைத் தொடத்தான் செய்யும். ஒலிபெருக்கி என்பது வானொலி ஏற்பி அல்ல. அதில் உங்கள் குரல் கேட்பது, நீண்ட ஸ்பீக்கர் கம்பிகள் ஆன்டெனா போல நடந்து அலையை உள்ளே கொண்டுபோவதால்தான். தொழில்நுட்பப்படி அது அந்தக் கருவியின் குறை. ஆனால் இந்த வாதத்தைப் பங்காளி வீட்டு வாசலில் வைக்காதீர்கள். அது உண்மையாக இருந்தாலும் உறவைக் காக்காது. சிறிய 31ஆம் கலவை வளையங்கள் சிலவற்றை உங்கள் செலவிலேயே வாங்கி, ஸ்பீக்கர் கம்பிகளையும் மின்கம்பியையும் ஒவ்வொன்றிலும் ஏழெட்டுச் சுற்று சுற்றிக் கொடுங்கள். கருவியின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். நாளை அது பழுதானால் பழி உங்கள் மேல் வரும். உங்கள் மைக், யு.எஸ்.பி., மின்வழங்கிக் கம்பிகளுக்கும் இதே மருந்து.

புகாரைப் பற்றி அளவுக்கு மீறி அஞ்ச வேண்டாம். இந்திய அமெச்சூர் சேவை விதிகள் 1978இல் வந்தவை; உரிமத்தில் குறித்துள்ள அலைவரிசைக்கும் திறனுக்கும் உட்பட்டு இயங்குவதும், பிறருக்குத் தீங்கான குறுக்கீடு இல்லாமல் பார்த்துக்கொள்வதும், பதிவேடு எழுதுவதும் உங்கள் கடமை. பதிவேட்டில் பேசிய நேரம், அதிர்வெண், திறன் ஆகியவற்றோடு இப்போது செய்யும் அளவீடுகளையும் மாற்றங்களையும் தேதியிட்டு எழுதிவையுங்கள். யாராவது கேட்க வந்தால், குறையை அறிந்ததும் நீங்கள் சரிசெய்ய முனைந்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை. வேலை முடியும் வரை மாலை 6 மணிக்கு மேல் பேசுவதை நிறுத்திவைப்பதும், பகலில் 10 வாட்டுக்கு மேல் போகாமல் இருப்பதும் நல்லது. 100 வாட்டை 10 வாட்டாக்கினால் எதிர்முனையில் 10 டெசிபெல்தான் குறையும். கேட்பவருக்குப் பெரும்பாலும் புரியும்படியே இருக்கும்.

ஆன்டெனாவின் கை முனைகள் இரண்டும் கைக்கெட்டாத உயரத்தில், மின்வாரியக் கம்பிகளிலிருந்து விலகி இருக்கின்றனவா என்று கடிதத்தில் தெரியவில்லை. கேபிளை மாற்ற மேலே ஏறும் நாளில் அதையும் பாருங்கள். குழாய் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் வேண்டும்.

எல்லாம் கட்டி முடித்ததும், டாங் டெஸ்டரை முன்பு அளந்த அதே இடங்களில் வைத்து மீண்டும் அளந்து, இரண்டு வரிசை எண்களையும் எனக்கு எழுதுங்கள். அதற்கு முன், பெரியப்பாவையும் அவர் மகனையும் ஒரு மாலை நேரத்தில் அவர்கள் வீட்டு ஒலிபெருக்கியின் முன் அமரச் சொல்லி, முதலில் 10 வாட்டிலும், பிறகு 50இலும், பிறகு 100இலும் நீங்கள் பேசுங்கள். எந்தத் திறனில் கேட்கத் தொடங்குகிறது, எதில் கேட்கவில்லை என்பதை அவர்களே சொல்லட்டும். அவர்கள் சொல்வதையும் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.